வெடிமருந்தும் லயக்காம்பராவும்: மலையகத் தீபாவளியில் தீக்காயத்தின் வரலாறு

தீயைப் பேணாத நாகரிகம் உலகில் இல்லை. தீயாற் புண்படாத நாகரிகமும் இல்லை. கார்த்திகை விளக்கீடு முதலாகத் தீபாவளி ஈறாகத் தமிழ் மக்களின் விழாக்கள் பலவற்றிலே ஒளியே தலைமை பெறுகின்றது. அவ்வொளியோடு வெடியோசையும் சேர்ந்தமை பிற்கால வழக்கு. விளக்கின் சுடர் ஓரிடத்தில் நின்று எரிவது. வெடியின் தீயோ இடம்விட்டுப் பாய்வது. ஆதலின், விளக்கோடு வாழ்ந்த மக்கள் வெடியோடு வாழப் பழகிய வரலாறு தனியே ஆராயத்தக்கது. அதன் மறுபக்கமாய் அமைந்தது தீக்காயத்தின் வரலாறு.

இலங்கையின் ஊவா மாகாணத்திலே, பதுளை மாவட்டத்தின் தென்பகுதியில், இரத்தினபுரியிலிருந்து வெல்லவாய நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே கொஸ்லந்த என்னும் சிற்றூர் உளது. 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சி அதற்கு அணித்தே உள்ளது. ஊரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்களும், அங்குத் தொழில்புரியும் தமிழ் மக்களின் லயங்களும் அமைந்துள்ளன. வெடியின் வரலாற்றை எழுதுவோர் அதனைச் செய்யும் ஊர்களாகிய சிவகாசியையும், நீர்கொழும்புக்கு அருகேயுள்ள கிம்புலாப்பிட்டியையும் கொண்டு எழுதுதல் வழக்கம். வெடியைக் கொளுத்தும் ஊர் ஒன்றையும் நோக்கினாலன்றித் தீக்காயம் ஏன் நிகழ்கின்றது என்னும் வினாவுக்கு முழுமையான விடை கிடையாது. அதற்குக் கொஸ்லந்தத் தோட்டங்கள் தக்க சான்றாகும்.

சொற்கள் கூறும் வரலாறு

வெடி வந்த வழியை அறிவதற்குத் தமிழ்ச் சொற்களே முதற் சான்று. இலங்கைத் தமிழர் சிறு வெடியைச் 'சீனவெடி' என்பர். வெடிமருந்து பிறந்த நாட்டை இப்பெயர் மறவாது காட்டுகின்றது. 9 ஆம் நூற்றாண்டளவிலே சீனர் வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றின் சேர்க்கையை அறிந்திருந்தனர். 1044 ஆம் ஆண்டளவில் அவர்கள் தொகுத்த போர்க்கலை நூலொன்றில் அச்சேர்க்கையின் அளவுகள் எழுதப்பட்டுள்ளன. 'மத்தாப்பு' என்னும் சொல்லோ நிலவொளியைக் குறிக்கும் 'மஹ்தாப்' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. 'வாணம்' என்பது அம்பைக் குறிக்கும் 'பாணம்' என்னும் வடசொல்லினின்று வந்தது. சீனம், பாரசீகம், வடமொழி ஆகிய மூன்று தொடர்புகளும் ஒரு தீபாவளிப் பொட்டலத்துள்ளே அடங்கிக் கிடத்தல் வியப்புக்குரியது.

இவற்றினும் சிந்திக்கத்தக்க சொல் 'வெடிமருந்து' என்பது. சீன மொழியிலும் இப்பொருளுக்குப் பெயர் 'தீமருந்து' என்பதே. சிங்களவர் 'வெடி பெஹெத்' என்பர். 'பெஹெத்' என்பது மருந்து. வட இந்திய வழக்கிலே 'தாரு' என்னும் சொல் மருந்தையும் வெடிமருந்தையும் ஒருங்கே குறிக்கும். நோய் தீர்க்கும் பொருளைத் தேடிய கைகளே இதனைக் கண்டெடுத்தன என்பதற்கு இப்பெயர்கள் சான்றாகும். மருந்தென்று பெயர்பெற்ற ஒன்று மருத்துவமனைக்கு ஆள் அனுப்புவதாயிற்று.

தென்னாட்டிலே வாணவேடிக்கை விழாவோடு இணைந்தமைக்குப் பழைய சான்று விசயநகரத்துக்குரியது. பாரசீக வேந்தன் சாருக்கின் தூதனாக 1443 ஆம் ஆண்டிலே அங்கு வந்த அப்துர் ரசாக், அரசனது மகாநவமி விழாவிற் கண்ட வாணவேடிக்கைகளைத் தன் பயணக் குறிப்பிற் பதிந்துள்ளான். இத்தகைய சான்றுகளைத் திரட்டி 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை எழுதியவர் புனே நகரத்து அறிஞர் பி. கே. கோடே ஆவர். அக்காலத்து வேடிக்கை அரசனுக்குரியது. தேர்ந்த தொழிலாளர் வெட்டவெளியிற் கொளுத்த, மக்கள் தொலைவில் நின்று காண்பர். கொளுத்துபவனும் காண்பவனும் வேறாயிருந்தனர் என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அரண்மனையிலிருந்து முற்றத்துக்கு

இருபதாம் நூற்றாண்டிலே அந்நிலை மாறிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1920களின் தொடக்கத்திலே கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீக்குச்சியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து வெடியும் வளர்ந்தன. 1884 ஆம் ஆண்டின் இந்திய வெடிபொருட் சட்டத்தின்கீழ் 1940 இல் வெளிவந்த விதிகள், வெடித் தொழிற்சாலைகள் உரிமம் பெற்றே இயங்கவேண்டும் என வகுத்தன. அதன்பின் வெடி மலிவுப் பொருளாயிற்று. வேந்தர் முன் தேர்ந்த தொழிலாளன் கொளுத்தியதை வீட்டு முற்றத்திலே சிறுவன் கொளுத்தலானான். காண்பவனும் கொளுத்துபவனும் ஒருவனாகியமையே தீக்காயத்தின் வரலாற்றிற் பெருந்திருப்பம் எனலாம்.

இலங்கையில் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் வெடிபொருளைச் செய்தல், இறக்குதல், வைத்திருத்தல், விற்றல் ஆகியவற்றை உரிமத்துக்கு உட்படுத்தியது. ஆயினும் இரு நாட்டுச் சட்டங்களும் பெரும்பாலும் தொழிற்சாலையையும் கடையையுமே நோக்கின. வாங்கிய வெடி எந்த வீட்டு முற்றத்தில், எத்தகைய கூரையின்கீழ், எவ்வளவு இடைவெளியிற் கொளுத்தப்படும் என்பது சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

லயத்தின் அமைப்பு

அத்தொலைவிலேதான் கொஸ்லந்தத் தோட்டங்களின் லயங்கள் இருந்தன. மலைநாட்டிலே 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர், 1869 இற் கண்டறியப்பட்ட இலைநோயால் அழிந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. 1890 ஆம் ஆண்டிலே அப்புத்தளைக்கருகே தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் தேயிலைத் தொழிற்சாலை நிறுவினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்கெனக் கட்டப்பட்டவையே லயங்கள்.

லயக்காம்பரா ஒன்று பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. தகரக்கூரை ஒன்றன்கீழே காம்பராக்கள் வரிசையாகச் சுவரொட்டி நிற்கும். சில லயங்களிலே முன்னும் பின்னுமாக இரட்டை வரிசையும் உண்டு. நடுச்சுவர் கூரையை எட்டாத லயங்களும் இருந்தன. முன்புறத்து இஸ்தோப்பிலேயே விறகும், உலரவிட்ட துணியும், பிள்ளைகளும் இருப்பர். அடுப்பு ஓர் மூலையில் எரியும். தண்ணீர்க் குழாயோ பல குடும்பங்களுக்குப் பொதுவாய்ச் சற்றுத் தொலைவில் இருக்கும். ஒரு காம்பராவிற் பற்றிய தீ அடுத்த காம்பராவுக்குத் தாவுதற்கு மதில் இல்லை. அதனை அணைப்பதற்கு அருகே நீரும் இல்லை.

தீபாவளி நாளின் நிகழ்ச்சிகளை இவ்விடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் எண்ணெய் நீராட்டுக்காகப் பெரும் பானையிலே நீர் கொதிக்கும். அதே அடுப்பிலோ அருகிலோ பலகாரம் பொரிக்கும் எண்ணெய் காயும். புத்தாடை உடுத்த பிள்ளைகள் வாசலில் வெடி கொளுத்துவர். விரிந்த மனையிலே இவை மூன்றும் மூன்று இடங்களில் நடைபெறும். லயத்திலோ ஒரு சில அடிகளுக்குள்ளே அடங்கவேண்டும். ஆகவே, வாசலில் வெடித்த சத்தத்துக்கு அஞ்சி உள்ளே ஓடும் குழந்தை கொதிநீர்ப் பானையில் மோதுதல் அங்கே எதிர்பார்க்கத்தக்க நிகழ்ச்சியே. தீபாவளித் தீக்காயம் என்பது வெடியின் காயம் மாத்திரம் அன்று. நெருக்கத்தின் காயமும் ஆகும்.

மழையும் தீபாவளியும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தீபாவளி ஐப்பசி மாதத்து விழா. ஊவாவின் கிழக்குச் சரிவுகளுக்கு அது பெருமழைக் காலம். வாசல் நனைந்திருப்பதால் வெடிகள் இஸ்தோப்புக்குள்ளே கொளுத்தப்படுகின்றன. ஈரமேறிய வெடியை அடுப்பருகே உலர்த்தும் வழக்கமும் இதனால் உண்டாயிற்று. ஈரமுற்ற திரி விட்டுவிட்டு எரியும். அணைந்ததென்று எண்ணிக் குனிந்து பார்ப்பவன் முகத்திலே வெடிக்கும். கண்ணையும் கையையும் இழந்தோர் பலர் இவ்வாறு இரண்டாம் முறை கொளுத்தச் சென்றோரே. சிறுவனது துணிவு ஒருபுறமிருக்க, மழையும் இடவசதியின்மையும் சேர்ந்தே அவனை அந்நிலைக்குத் தள்ளுகின்றன.

அம்மழையின் கொடுமையை உலகம் கண்டது கொஸ்லந்தவிலேதான். 2014 ஆம் ஆண்டிலே தீபாவளி ஒக்டோபர் 22 ஆம் நாள் வந்தது. சரியாக ஏழு நாட்களின் பின்னர், ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிலே, மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்து லயங்களை மண்ணுக்குள் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்ட மக்களுக்குச் சென்று குடியேற வேறிடம் இருக்கவில்லை. உயிர்தப்பியோருக்குப் பூனாகலைப் பக்கத்திலே தனி வீடுகள் கிடைத்தது அழிவு நிகழ்ந்த பின்னரே.

மண்சரிவும் தீக்காயமும் அளவால் ஒவ்வாதன. ஆயினும் இரண்டும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. மாற்று வழியின்றி விடுக்கப்படும் எச்சரிக்கை, பொறுப்பை ஏழையின் தலையில் ஏற்றுகின்றதேயன்றி அவனைக் காப்பதில்லை. 'வெட்டவெளியில் வெடி கொளுத்துக' என்னும் அறிவுரை வெட்டவெளி உடையானுக்கே பயன்படும்.

காயமும் மருத்துவமும்

கம்பி மத்தாப்பைக் குழந்தைக்குரிய தீங்கற்ற விளையாட்டாகக் கருதுவோர் பலர். அதன் பொறி எரியும் வெப்பம் 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது; ஒளி அணைந்த பின்னரும் கம்பி நெடுநேரம் சுடும். வெறுங்காலிற் சிறுவர் மிதிப்பது அக்கம்பியையே. வெந்நீரின் கொடுமையும் அவ்வாறே குறைத்து மதிப்பிடப்படுகின்றது. 1947 ஆம் ஆண்டிலே மொரிற்ஸ், ஹென்றிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவின்படி, 60 பாகை வெப்பமுடைய நீர் ஏறத்தாழ ஐந்து நொடியில் வளர்ந்தவரின் தோலைப் புண்படுத்தும். 70 பாகையில் ஒரு நொடியே போதும். குழந்தையின் தோல் இதனினும் மெல்லியது.

தீக்காய மருத்துவம் பெருந்துன்பங்களின் வாயிலாகவே வளர்ந்தது. 1942 நவம்பர் 28 ஆம் நாள் பொஸ்ரன் நகரத்துக் களியாட்ட மண்டபமொன்றில் மூண்ட தீ 492 உயிர்களைக் கவர்ந்தது. அங்குக் காயமுற்றோரைப் பேணியதிலிருந்தே, எரிந்த உடல் இழக்கும் நீரை அளவறிந்து ஈடுசெய்யும் முறை தெளிவுற்றது. 1951 இல் உடற்பரப்பை ஒன்பது ஒன்பது விழுக்காடாகப் பகுத்துக் காயத்தின் பரப்பை மதிப்பிடும் விதியை வலேஸ் என்னும் மருத்துவர் வெளியிட்டார். இன்று மருத்துவ உலகம் ஒருமுகமாய்க் கூறும் முதலுதவி மிக எளியது: புண்பட்ட இடத்தை ஓடும் குளிர்நீரிலே 20 நிமிடம் பிடித்தல், வளையல், மோதிரம் முதலியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுதல், தூய துணியால் மூடி மருத்துவரிடம் சேர்த்தல். மஞ்சள், நெய், மை, பற்பசை, பனிக்கட்டி ஆகியவை புண்ணுக்குத் தீங்கே செய்யும். கொப்புளத்தை உடைத்தலும் ஆகாது.

எளிய இம்முதலுதவிக்கும் நீர் வேண்டும். லயத்துப் பொதுக் குழாயில் நீர் வராத வேளையிலே 20 நிமிடம் என்பது அடையமுடியாத அளவாகிவிடும். இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872 இலும், பின்னர் 1912 இலும் பிரித்தானிய ஆட்சியினர் சட்டம் இயற்றினர். தோட்ட மருந்துச்சாலைகள் அவ்வழி வளர்ந்தவை. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் உதவிய அவை ஆழ்ந்த தீக்காயத்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றவை அல்ல. மலையிலிருந்து கொஸ்லந்தவுக்கும், அங்கிருந்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ செல்லும் வழியின் நீளமும் காயத்தின் ஒரு பகுதியே.

எண்ணிக்கை செய்த நன்மை

இத்துன்பத்தைக் குறைத்த நாடுகள் எவ்வாறு குறைத்தன என்பதை வரலாற்றிற் காணலாம். அமெரிக்காவிலே சூலை 4 ஆம் நாள் விடுதலை விழாவில் வெடி கொளுத்துதல் வழக்கம். அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் இதழ் 1903 இல் அதனால் விளைந்த சாவுகளை எண்ணத் தொடங்கியது. அவ்வாண்டு இறந்தோர் தொகை 466. அவருட் பெரும்பாலோர் சிறு புண்வழி ஏற்புவலி கண்டு மாண்டவர். ஆண்டுதோறும் வெளிவந்த இக்கணக்கே நகரத்தாரின் மனத்தை மாற்றியது. தனித்தனி வீட்டு வெடிக்குப் பதிலாக நகரம் நடத்தும் பொது வாணவேடிக்கை பல இடங்களிலே தோன்றியது. கிளீவ்லாந்து நகரம் 1908 இல் வெடி விற்பனையையே தடுத்தது.

இந்தியாவிலே மாற்றம் முதலிற் பொருளில் நிகழ்ந்தது. பொற்றாசியம் குளோரேற்றும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்வாலும் தீப்பற்றும் இயல்பினது. 1992 இல் அச்சேர்க்கை வெடிகளிலே தடைசெய்யப்பட்டது. 2018 ஒக்டோபர் 23 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று வெடி கொளுத்தும் காலத்தை இரண்டு மணி நேரமாக வரையறுத்தது. காற்று மாசினைக் கருதி எழுந்ததாயினும், அது தீக்காயத் தடுப்புக்கும் ஏற்ற நெறியே. காலம் குறுகின், பெரியோர் உடனிருந்து காத்தல் எளிதாகும்.

தடை ஏட்டளவில் நிற்பின் நேர்வது யாது என்பதற்குக் கேரளத்துப் பரவூர் சான்று. அங்குப் புற்றிங்கல் தேவி கோயிலில் 2016 ஏப்பிரில் 10 ஆம் நாள், அனுமதி மறுக்கப்பட்டிருந்தும் நடைபெற்ற போட்டி வாணவேடிக்கையின்போது வெடிக்கிடங்கு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

விளக்கொன்றின் பாடம்

இலங்கையே உலகுக்கு அளித்த பாடம் ஒன்றும் உண்டு. மின்சாரம் எட்டாத குடில்களிலும் லயங்களிலும் எரிந்தது பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கு. அது தட்டுப்பட்டாற் கவிழும். கவிழ்ந்தால் எண்ணெய் சிந்தி உடையிற் பற்றும். தீக்காயமுற்றோர் பலரைப் பேணிய அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, கவனமாயிருங்கள் எனக் கூறுவதோடு அமையவில்லை. குறுகிப் பருத்த மார்மைற் போத்தல் எளிதிற் கவிழாமையைக் கண்டு, 1992 இல் புதியதொரு விளக்கை வடிவமைத்தார். அதன் கண்ணாடி கனமானது, உயரம் குறைந்தது, கவிழினும் உருளாதபடி இரு பக்கம் தட்டையானது, திருகு மூடி எண்ணெயைச் சிந்தவிடாது. 1998 இல் இப்பணிக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

குடிலில் உள்ளோர் குணம் மாறவில்லை, வறுமை மாறவில்லை, குழந்தையின் ஓட்டமும் மாறவில்லை. விளக்கின் வடிவம் மாறியது, காயம் குறைந்தது. உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவருட் பெரும்பாலோர் வறிய, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தோர். செல்வரைக் காட்டிலும் வறியோர் கவனமற்றவர் என்பது இதன் பொருள் அன்று. அவர்தம் விளக்கும் அடுப்பும் மனையும் பிழை பொறுக்காதவை என்பதே பொருள்.

இடம், பொருள், காலம்

மேற்கூறிய சான்றுகளினின்று பெறப்படும் முடிவு தெளிவானது. இடமோ, பொருளோ, காலமோ மாற்றப்பட்ட இடங்களிலே தீக்காயம் குறைந்தது. அறிவுரை தனித்து நின்றபோது அதன் பயன் சிறிதாயிற்று. கொஸ்லந்தத் தோட்டங்களுக்கும் இம்மூன்றுமே வழியாகும்.

முதலாவது, இடம். ஒவ்வொரு தோட்டத்திலும் பெரட்டுக் களமோ, விளையாட்டிடமோ, கோயில் முற்றமோ உண்டு. லய வாசலை விடுத்து அங்கே யாவரும் கூடிக் கொளுத்தலாம். விசயநகரத்து முறை இங்கே புத்துயிர் பெறும்: பயின்ற பெரியோர் சிலர் கொளுத்த, பிள்ளைகள் தொலைவில் நின்று கண்டு மகிழ்வர். நீர்த்தொட்டியும் மணல்வாளியும் அங்கே முன்னரே வைக்கப்படல் வேண்டும். எரிந்த கம்பிகளை உடனே நீரில் இடுதல் வேண்டும்.

இரண்டாவது, பொருள். நீண்ட ஊதுவத்தியாற் கொளுத்துதலும், பருத்தி உடை உடுத்துதலும் நன்று. செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். வெடிகளை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்தலும், அடுப்பருகே உலர்த்துதலும் கூடா. வெடியாத வெடியைத் தொடாது, நெடுநேரம் விட்டு, நீர் ஊற்றி அழித்தல் வேண்டும்.

மூன்றாவது, காலம். விடியற்காலையின் கொதிநீரும் பலகாரமும் முடிந்து, அடுப்பு அணைந்தபின் ஒரு மணி நேரத்தைப் பொதுவாக வகுக்கலாம். அன்று மழை பொழியின் அடுத்த நாளுக்கு ஒத்திவைக்கலாம். விழா ஒரு நாள் தாழ்வதால் அறம் கெடாது.

இம்மூன்றோடு கணக்கும் சேர்தல் வேண்டும். தீபாவளி வாரத்தில் மருந்துச்சாலைக்கு வரும் தீக்காயம் ஒவ்வொன்றையும், அது வெடியாலா, வெந்நீராலா, எண்ணெயாலா எனப் பிரித்து எழுதிவரின், சில ஆண்டுகளுக்குள் எங்கே மாற்றம் வேண்டும் என்பது தானே விளங்கும். தோட்டங்களினின்று கல்லூரிகளுக்கு வந்து கற்கும் மாணவர் இக்கணக்கைத் தொகுப்பாராயின், அது தம் ஊருக்கு அவர் செய்யும் பெருந்தொண்டாகும்.

எனினும், இவையெல்லாம் இடைக்கால ஏற்பாடுகளே. மதிலும் முற்றமும் குழாய்நீரும் உடைய தனிமனை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாய்க்கும் நாளிலேதான் மலையகத்துத் தீபாவளி முற்றும் அச்சமற்றதாகும். மீரியபெத்தையிலே மலை சரிந்தபின் வந்த வீடுகள், சரியுமுன்னரே வந்திருக்கலாம். தீயைப் பொறுத்தமட்டிலேனும் அவ்வாறு காலந்தாழ்த்தாதிருத்தல் அறிவுடைமையாகும். இருளை நீக்க ஏற்றிய ஒளி எந்தக் குழந்தையின் கண்ணொளியையும் கவராதிருப்பதே தீபாவளியின் பொருளுக்கு ஒத்த நிலை.